தந்தி அறுந்த வேளையில்

ஒரு விளையாட்டின்மீது பற்றுடையோரை மூன்று வகையினராகப் பகுக்கலாம். ஆடுவோர் ஒரு சாரார். மைதானத்திற்குச் சென்று காண்போர் இன்னொரு சாரார். தொலைவில், தத்தம் வீடுகளிலிருந்து, பிறர் சொல்லக் கேட்போர் மூன்றாஞ் சாரார். முன்னைய இரு சாராரையும் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. தொகையால் மிக்கோர் மூன்றாஞ் சாராரே எனினும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அத்தகையோருள் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அயோவா மாநிலத்தவர். மாநிலத் தலைநகராகிய டி மொயினுக்கு மேற்கே, சோள வயல்களாற் சூழப்பட்ட சிற்றூர் ஒன்றில் 1952ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவ்வூரிலேயே முப்பத்துநான்கு ஆண்டுகள் தபாற்காரராகப் பணியாற்றி 2012இல் இளைப்பாறியவர். அவருடைய வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் அதிகமில்லை. ஆயின் ஏப்ரல் தொடங்கிச் செப்ரெம்பர் முடியும்வரை, அவருடைய நாட்கள் யாவும் பேஸ்போல் ஆட்டத்தைச் சுற்றியே அமைந்தன.

கிரிக்கெற்றை அறிந்தோர்க்குப் பேஸ்போலை விளக்குவது கடினமன்று. ஒருவர் பந்தை எறிவார்; எதிரணியைச் சேர்ந்த மற்றொருவர் உருண்டையான துடுப்பினால் அதனை அடிப்பார்; அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் அடிக்கும் முறை எதிரணிக்குச் செல்லும். இவ்வாறு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை. இரு எல்லைக்கோடுகளுக்கும் வெளியே அடிபட்டு விழும் பந்தைப் 'பவுல்' என்பர். அடிப்பவர் இவ்வாறு எத்தனை பந்துகளை வெளியே தட்டிவிட்டாலும், அவற்றை எவரும் பிடிக்காதவரை, ஆட்டமிழக்காது நிற்கலாம். இந்தச் சிறு விதி இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வேண்டியிருத்தலின் ஈண்டுக் கூறப்பட்டது. மனங்கொள்ள வேண்டிய இன்னொன்று, ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது என்பதாகும். எனவே இது எப்போதாவது வருகின்ற திருவிழா அன்று; நாள்தோறும் உண்ணும் சோற்றைப் போன்றது. ஒருநாள் இல்லையெனினும் வெறுமை தோன்றும்.

அயோவா மாநிலத்துக்கெனப் பெருங்கழக அணி எதுவும் இல்லை. டி மொயினிலிருந்து சிக்காகோ நகரம் முந்நூறு மைலுக்கும் அப்பால் உள்ளது. ஆதலின் அம்மாநிலத்து மக்கள் தொடக்கத்திலிருந்தே கேட்போராகவே இருந்தனர். அவர்களுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தது வானொலி.

1921 ஓகஸ்ட் 5ஆம் நாள் பிற்ஸ்பேர்க் நகரில் ஹரோல்ட் ஆர்லின் என்ற இளைஞர் ஒரு பெருங்கழக ஆட்டத்தை முதன்முதலில் வானொலியில் விபரித்தார். அணி உரிமையாளர் பலர் இதனை ஐயத்தோடு நோக்கினர். வீட்டிலிருந்து இலவசமாகக் கேட்கக்கூடியதைப் பணங்கொடுத்துப் பார்க்க எவர் வருவார் என்பது அவர்களுடைய அச்சம். நியூயோர்க் பகுதியின் மூன்று அணிகளும் தமக்குள் உடன்பட்டு, 1934 முதல் 1938 வரை வானொலி வர்ணனையை முற்றாக விலக்கிவைத்தன. சிக்காகோ கப்ஸ் அணியின் உரிமையாளராகிய வில்லியம் றிக்லியோ இதற்கு நேர்மாறான கொள்கையினர். 1920களிலேயே தமது மைதானத்தின் கதவுகளை வானொலி நிலையங்களுக்குத் திறந்துவிட்டார். அதன் பயனாகச் சிக்காகோவை ஒருநாளும் கண்டிராத குடியானவர் குடும்பங்கள் பலவும் அவ்வணியைத் தம் அணியாகவே கொண்டன. தபாற்காரருடைய குடும்பமும் அவற்றுள் ஒன்று.

அவருடைய தந்தையார் 1927இற் பிறந்த குடியானவர். அவர் சிறுவனாயிருந்தபோது டி மொயின் வானொலியிற் கப்ஸ் அணியின் ஆட்டங்களைச் சொன்ன இளைஞர் ஒருவர், அவ்வேளையிற் சிக்காகோவில் இருக்கவில்லை. அவர் டி மொயினில் ஓர் ஒலிப்பதிவு அறையில் அமர்ந்திருந்தார். மைதானத்திலிருந்து தந்தி வழியாகச் சுருக்கக் குறிப்புகள் வரும். தந்தியாளர் அவற்றைத் தாளில் எழுதி நீட்டுவார். அந்த ஒருசில எழுத்துகளைக் கொண்டு, வெயிலையும் புழுதியையும் மக்களின் ஆரவாரத்தையும் தம் கற்பனையாற் சேர்த்து, கண்ணாற் காண்பவர் போல அவ்விளைஞர் சொல்வார். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே தந்தி அறுந்துவிட்டது. அறுந்தது என்று ஒப்புக்கொண்டால் கேட்போர் வேறு நிலையத்துக்குத் திரும்பிவிடுவர். எனவே அவர், அடிப்பவர் பவுல் அடித்ததாகக் கூறினார், மீண்டும் பவுல், மீண்டும் ஒரு பவுல். பல நிமிடங்கள் இவ்வாறே கழிந்தன. தந்தி மீண்டும் இயங்கியபோதுதான், அந்த ஆட்டக்காரர் முதற் பந்திலேயே ஆட்டமிழந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அவ்விளைஞரின் பெயர் ரொனால்ட் றேகன். 1981 முதல் 1989 வரை நாட்டின் சனாதிபதியாக இருந்தபோதும் இக்கதையை அவர் பலருக்கும் சொல்லி மகிழ்ந்ததுண்டு. இக்கதை வெளியானபின் தபாற்காரரின் தந்தையார் சினங்கொள்ளவில்லை. தாம் சிறுவயதிற் கேட்ட ஆட்டங்களுள் எத்தனை உண்மை, எத்தனை பவுல் என்று எண்ணி எண்ணிச் சிரித்தார்.

தபாற்காரர் தம் இளமையிற் கேட்டது வேறு வகை வானொலி. சிக்காகோ மைதானத்தில் 1988 ஓகஸ்ட்வரை மின்விளக்குகள் இருக்கவில்லை. ஆதலின் அவ்வணி தன் மைதானத்திற் பகலிலேயே ஆடியது. தந்தையார் உழவு இயந்திரத்தின் அருகே வானொலிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வார். இரவானதும் மகன் படுக்கையறையில் இன்னொரு பெட்டியை முடுக்குவான். மத்திய அலைகள் பகலில் நிலத்தை ஒட்டியே செல்வன. இரவில் அயன மண்டலத்திற் பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்குவன. சென் லூயிஸ் நகரின் ஐம்பதினாயிரம் உவாற்று வலுவுடைய நிலையத்திலிருந்து ஹரி கேரி, ஜக் பக் ஆகியோரின் குரல்கள் இவ்வாறு வானத்தில் ஏறி இறங்கி அவனுடைய தலையணைக்கு வந்தன. நடுவே இரைச்சல் மிகும்; குரல் தேய்ந்து மறையும்; மீண்டும் தோன்றும்போது ஆட்டநிலை மாறியிருக்கும். இடையில் நிகழ்ந்ததை அவன் தானே எண்ணி நிரப்பிக்கொள்வான்.

தூரத்துக் குரல்களோடு இத்துணை நெருக்கமாயிருந்த அவர், ஆட்டத்தின் பெரியோரை நேரிற் கண்ட சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றை அவர் விரும்பிக் கேட்பவர்க்கு மட்டுமே கூறுவார்.

முதலாவது சந்தர்ப்பம் அவருடைய பதினோராவது வயதில் வாய்த்தது. தந்தையார் அறுவடைக்கு முன் இரண்டு நாட்களை ஒதுக்கி, மகனைச் சிக்காகோவுக்கு அழைத்துச் சென்றார். தங்கிய விடுதியின் மின்தூக்கியில் ஏறியபோது, எதிரணியைச் சேர்ந்த புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரர் ஒருவர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆட்ட விபரங்கள் அனைத்தும் சிறுவனுக்கு மனப்பாடம். அப்படி ஒருவரைக் கண்டால் என்ன சொல்வது என்று பல இரவுகள் ஒத்திகை பார்த்தவன் அவன். அவரோ குனிந்து, "எத்தனையாம் மாடி?" என்று கேட்டார். "நான்காம் மாடி" என்றான். நான்காம் மாடி வந்தது, கதவு திறந்தது, தந்தையும் மகனும் இறங்கினர். அவ்வளவே உரையாடல். வீடு திரும்பும் வழியெல்லாம் சிறுவன் பேசவில்லை. "அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நீ சரியான விடை சொன்னாய், இதற்குமேல் என்ன வேண்டும்?" என்று தந்தையார் தேற்றினார். அந்த ஆட்டக்காரரின் பெயரைத் தபாற்காரர் இன்றுவரை எவருக்கும் சொன்னதில்லை. பெயரைச் சொன்னால் அது பெருமைபேசும் கதையாகிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாவது சந்தர்ப்பம் பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு பனிக்காலத்தில், டி மொயின் விமான நிலையத்தில் நேர்ந்தது. பனிப்பொழிவினால் விமானங்கள் தாமதமாயின. அருகே அமர்ந்திருந்த முதியவர் தம் முழங்கால் வலியைப் பற்றியும் சோளத்தின் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கோப்பிக் கோப்பையை எடுத்த விதத்தைக் கண்டபோதுதான் தபாற்காரருக்கு ஐயம் எழுந்தது. இரண்டு விரல்கள் மேலே, பெருவிரல் கீழே. பந்தைப் பிடிப்பதுபோல் அவர் கோப்பையைப் பிடித்திருந்தார். உற்றுநோக்க, ஒரு காலத்தில் எதிரணிகளை நடுங்கவைத்த பந்துவீச்சாளர் அவரே என்பது தெளிவாயிற்று. தபாற்காரர் அதனை வெளிக்காட்டவில்லை. ஆயினும் பேச்சு எவ்வாறோ ஆட்டத்திற்குத் திரும்பியது. முதியவர் சலிப்போடு ஒன்றைக் கூறினார்: தாம் பல்லாண்டுகள் ஆடிய அணியின் ஆட்டங்களைத் தம் வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, பணங்கட்டியும் திரை கறுப்பாகவே இருக்கிறது. இதைக் கேட்டுத் தபாற்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின்னர் மன்னிப்புக் கேட்டு, தமக்கும் அதே நிலைதான் என்றார். இருவரும் ஒரே குறையை ஒருமணி நேரம் பேசினர். அந்த ஒருமணி நேரத்தில் அவர்களுள் ஒருவர் புகழ்பெற்றவர், மற்றவர் தபாற்காரர் என்ற வேறுபாடு தோன்றவேயில்லை.

அந்தக் குறை யாதென்பதை விளக்குதல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் இறுதியிற் சிக்காகோவின் தொலைக்காட்சி நிலையம் ஒன்று செய்மதி வழியாக நாடெங்கும் தெரியத் தொடங்கியது. கப்ஸ் அணியின் ஆட்டங்கள் பல அதிற் காட்டப்பட்டன. இளமையிற் சென் லூயிசிலிருந்து இரவில் வந்த ஹரி கேரியின் குரல், 1982இற் கப்ஸ் அணியின் குரலாகி, இம்முறை பட்டப்பகலில் அவ்வீட்டினுள் நுழைந்தது. தபாற்காரருக்கும் தந்தையாருக்கும் அவை நல்ல ஆண்டுகள்.

அதே காலத்தில் வேறொன்றும் வளர்ந்துவந்தது. ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு நிலப்பரப்பை வரைந்துகொண்டு, அதனுள் தன் ஆட்டங்களைக் காட்டும் உரிமையைப் பிரதேச அலைவரிசை ஒன்றுக்குப் பெரும்பணத்துக்கு விற்றது. அந்த உரிமையைக் காக்கும் பொருட்டு, அப்பரப்பினுள் வேறெந்த வழியாலும் அவ்வாட்டங்களைப் பார்ப்பது தடுக்கப்பட்டது. இதற்கு இருட்டடிப்பு என்று பெயர். 2002 ஓகஸ்ட் 26ஆம் நாள் பெருங்கழக ஆட்டமொன்று முதன்முறையாக இணையத்தில் ஒளிபரப்பாயிற்று. தொடர்ந்து, சந்தா செலுத்துவோர் நாட்டின் எப்பகுதி அணியையும் பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது, அயோவா மக்கள் மற்றெவரிலும் மேலாக மகிழ்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தனக்கென ஓர் அணியும் இல்லாத அம்மாநிலத்தை ஆறு அணிகள் தத்தம் எல்லைக்குள் வரைந்திருந்தன: சிக்காகோவின் கப்ஸ், வைற் சொக்ஸ் என்னும் இரண்டு, சென் லூயிஸ், கன்சாஸ் சிற்றி, மினெசோற்றா, மில்வோக்கி. முப்பது அணிகளும் ஆடும் ஒரு நாளிற் பதினைந்து ஆட்டங்கள் நடைபெறும். இந்த ஆறு அணிகளும் வெவ்வேறு எதிரிகளைச் சந்திக்கும் நாளில், அப்பதினைந்தில் ஆறு ஆட்டங்கள் அயோவாவிற்கு இருட்டு. அவை அம்மக்கள் விரும்பிய ஆறு ஆட்டங்கள் என்பதே வேடிக்கை. சியாட்டிலையும் மயாமியையும் தபாற்காரர் தெளிவாகக் காணலாம். சிக்காகோவைக் காண இயலாது.

அவர் முறைப்பாட்டுக் கடிதங்கள் எழுதினார். தொலைபேசியில் அழைத்தபோது மறுமுனையில் இருந்தவர், "நீங்கள் அணியின் சொந்தப் பிரதேசத்தில் வசிக்கிறீர்கள், மைதானத்துக்கே சென்று பார்க்கலாமே" என்றார். போகவர அறுநூறு மைலுக்கு மேல் என்பதை அவர் பணிவோடு எடுத்துரைத்தார். சிக்காகோவில் ஒட்டிய கடிதம் இரண்டொரு நாளில் அவருடைய பையில் வந்து விழும். ஒளியின் வேகத்தில் வரக்கூடிய படம் மட்டும் வராது. முப்பத்துநான்கு ஆண்டுகள் எத்தனை பனியாயினும் மழையாயினும் முகவரியிலுள்ளதை முகவரியிலுள்ளவருக்குச் சேர்த்த ஒருவருக்கு இதனைப் புரிந்துகொள்வது கடினமாயிருந்தது. 2012இல் இரசிகர் சிலர் இம்முறைக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2016 சனவரியில் அது இணக்கமாக முடிந்தபோது சந்தாவின் விலை சற்றுக் குறைந்தது. உள்ளூர் இருட்டடிப்பு நீங்கவில்லை. செய்மதி வழியாக நாடெங்கும் தெரிந்த சிக்காகோ நிலையமும் 2014ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவ்வாட்டங்களை நிறுத்திக்கொண்டது.

பெரியோரைச் சந்தித்தல் பற்றிய கதையில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நிகழாத சந்திப்பு. டி மொயினுக்கு மேற்கே இருபது மைலளவில் வான் மீற்றர் என்னும் ஊர் இருக்கிறது. பொப் பெலர் 1918 நவம்பர் 3ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தார். அவருடைய தந்தை மகனுக்காகத் தம் பண்ணையிலேயே ஒரு மைதானத்தை அமைத்துக் கொடுத்தவர். பெலர் பதினேழு வயதில், பள்ளிக்கூடத்தை முடிக்கும் முன்பே, கிளீவ்லாந்து அணிக்காகப் பந்துவீசினார். 1940 ஏப்ரல் 16ஆம் நாள், பருவத்தின் முதல் நாளாட்டத்திற் சிக்காகோ வைற் சொக்ஸ் அணியை ஓர் அடிகூடப் பெறவிடாமல் தோற்கடித்தார். போர் மூண்டபோது, புகழின் உச்சியில் இருந்தவாறே கடற்படையிற் சேர்ந்து போர்க்கப்பலிற் பணியாற்றினார். அவ்வாறிருந்தும் 266 வெற்றிகளைப் பெற்றார். அயோவா மக்களுக்கு அவர் அடுத்த பண்ணைப் பையன். தபாற்காரரின் தந்தையாருக்கோ அவருக்கு மேலொருவர் இல்லை.

1995இல் வான் மீற்றரிற் பெலரின் பெயரால் ஓர் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. அவர் அங்கு வந்து இரசிகருக்குக் கையெழுத்திடுவதும் உண்டு. அப்படியொரு நாளில் தபாற்காரர் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு போனார். வரிசை வாசலுக்கு வெளியேயும் நீண்டிருந்தது. வெயில் கடுமையாக இருந்தது. தந்தையார் எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். "அவர் எங்கே போகப்போகிறார்? அடுத்த கோடையில் வருவோம்" என்று தந்தையாரே சொன்னார். திரும்பிவிட்டனர். அடுத்த கோடையில் வேறு வேலை; அதற்கடுத்த கோடையிலும் அவ்வாறே. 2010 டிசம்பர் 15ஆம் நாள் பெலர் தமது 92ஆவது வயதிற் காலமானார். மின்தூக்கியிலும் விமான நிலையத்திலும் தேடாமலே பெரியோர் எதிர்ப்பட்டனர். இருபது மைலில் இருந்தவரைத் தேடிப்போயும் காணவில்லை. இதனை நினைக்குந்தோறும் தபாற்காரர் தம்மையே நொந்துகொள்வார்.

2016ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். வயது எண்பத்தொன்பது. கண்பார்வை ஓரளவு நன்றாக இருந்தது. செவிப்புலன் பெரிதும் குன்றிவிட்டது. வானொலியிற் சனங்களின் ஆரவாரமும் வர்ணனையாளரின் விரைந்த பேச்சும் கலந்து, அவருக்கு ஒரே இரைச்சலாக ஒலித்தன. ஆதலின் படத்தையே நம்பியிருந்தார். அவ்வாண்டு கப்ஸ் அணி அரிதாய் வாய்க்கும் பலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. பருவ முடிவில் அது 103 வெற்றிகளைப் பெற்றது. 1908க்குப் பின் ஒருமுறையும் உலகத் தொடரை வெல்லாத அணி அது. தந்தையார் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய காத்திருப்பு ஒருவேளை இவ்வாண்டில் முடியலாம் என்று எல்லாரும் பேசினர். இல்லத்தின் தொலைக்காட்சிச் சேவையில் அந்தப் பிரதேச அலைவரிசை இல்லை. மகன் தம் சந்தாவைக் கைக்கணினியில் திறந்து காட்டினார். கறுப்புத் திரையில் வழக்கமான அறிவித்தல் தோன்றியது. தந்தையார் அதனை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, "நாம் சிக்காகோவில் வசிப்பதாக இதில் எழுதியிருக்கிறதே" என்றார்.

மகனுடைய கைத்தொலைபேசியில் ஒன்று மட்டும் தடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பந்தும் வீசப்பட்டதும் அதன் பயன் ஒருவரிச் செய்தியாக வந்து விழுந்தது. யூலை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், வேறு வழி காணாது, அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, தந்தையாரின் நல்ல காதுக்கு நேராகக் குனிந்து, அவ்வரிகளை உரக்க வாசிக்கத் தொடங்கினார். இரைச்சலில்லாத ஒற்றைக்குரல், அதுவும் பழகிய குரல். தந்தையாருக்கு அது விளங்கியது. முதல் அரைமணி நேரம் மகன் உள்ளதை உள்ளபடி வாசித்தார். பிறகு தம்மையறியாமலே சிலவற்றைச் சேர்த்தார். பந்துவீச்சாளர் தொப்பியைச் சரிசெய்கிறார் என்றார். மதிலிற் படர்ந்த கொடிகளைக் காற்று அசைக்கிறது என்றார். முதலாந் தளத்தில் நிற்பவர் இரண்டடி விலகி நிற்கிறார் என்றார். இவற்றுள் ஒன்றேனும் தொலைபேசியில் இல்லை. தந்தையார் கண்களை மூடிக்கொண்டு கேட்டிருந்தார்.

ஏழாவது முறையில் தொலைபேசி நின்றுவிட்டது. சுழலும் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. இருவர் தளங்களில் நின்றனர். அடிப்பவர் துடுப்போடு காத்துநின்றார். மகன் ஒரு கணம் தயங்கினார். பின்னர், "பவுல்" என்றார். சற்றுப் பொறுத்து, "மீண்டும் பவுல், பின்புற வலையிற் பட்டது" என்றார். வட்டம் சுழன்றது. "இன்னொரு பவுல், வலப்பக்கத்து இருக்கைகளில், ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டான்." ஐந்தாவது பவுலுக்குப் பின் ஆறாவதையும் சொல்ல வாயெடுத்தபோது தந்தையாரின் முகத்தில் ஒரு மாற்றந் தோன்றியது. கண்களைத் திறக்காமலே கேட்டார்:

"தந்தி அறுந்துவிட்டதோ?"

மகனுக்குச் சிரிப்பும் வேறேதோ ஒன்றும் ஒருங்கே வந்தன. "ஆம்" என்றார். "சரி, சொல். அவனை விட்டுவிடாதே" என்றார் தந்தையார். அந்தத் துடுப்பாட்டக்காரர் அன்று பதினோரு பவுல்கள் அடித்தார். தொலைபேசி உயிர்பெற்றபோது ஆட்டம் அடுத்த முறைக்குச் சென்றிருந்தது. அந்த மனிதர் எப்போதோ ஆட்டமிழந்திருந்தார். மகன் அதனையும் மறைக்காமற் சொன்னார். "ஆனாலும் நன்றாகத்தான் நின்றான்" என்றார் தந்தையார்.

அன்று முதல் அக்கோடை முழுவதும், பகலாட்டம் உள்ள நாட்களில், அவ்வறையில் ஆட்டம் நடந்தது. பக்கத்து அறைகளிலிருந்த முதியோர் இருவரும் சக்கர நாற்காலிகளில் வந்து சேர்ந்துகொண்டனர். முகவரி தெரிந்தும் ஒப்படைக்கப்படாமற் கிடந்த ஒன்றைத் தபாற்காரர் தாமே சுமந்து சென்று கொடுத்தார், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் கேட்போராக இருந்தவர் அறுபத்துநான்காவது வயதிற் சொல்வோராக மாறினார். செப்ரெம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் தந்தையார் உறக்கத்திலேயே உயிர்நீத்தார்.

பின்னாளில் சில மாற்றங்கள் வந்தன. 2021 ஓகஸ்ட் 12ஆம் நாள், புகழ்பெற்ற திரைப்படம் ஒன்று எடுக்கப்பட்ட டயர்ஸ்வில் சோள வயலருகே, அயோவாவின் முதலாவது பெருங்கழக ஆட்டம் நடைபெற்றது. வைற் சொக்ஸ் அணி நியூயோர்க் யாங்கீஸ் அணியை 9–8 என வென்ற அவ்வாட்டத்தை நாடே தொலைக்காட்சியிற் பார்த்தது. அதே வைற் சொக்ஸ் அணியின் நாளாந்த ஆட்டங்கள் அயோவாவின் இணையத் திரைகளில் அப்போதும் கறுப்பாகவே இருந்தன. பிரதேச அலைவரிசைகளை நடத்திய பெரிய நிறுவனம் ஒன்று 2023 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியபின், சில அணிகளின் ஆட்டங்களை உள்ளூரவர் பணஞ்செலுத்தி இணையத்திற் பார்க்கும் வழி சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டது. தபாற்காரர் இச்செய்திகளை வாசித்தார், மகிழ்ந்தார், எனினும் பழைய வேகத்தோடு கடிதம் எழுதவில்லை.

அவர் பெரிதும் நினைவுகூர்வது 2016 நவம்பர் 2ஆம் நாளிரவையே. உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டம். கப்ஸ் அணி ஆடியது பெலரின் அணியாகிய கிளீவ்லாந்துக்கு எதிராக, கிளீவ்லாந்து மண்ணில். தந்தையார் இருந்திருந்தால் எப்பக்கம் சாய்ந்திருப்பார் என்பது விடை காணமுடியாத வினா. உலகத் தொடருக்கு இருட்டடிப்பு இல்லை. எவரும் காசின்றிப் பார்க்கலாம். ஒன்பது முறைகள் முடிந்தபோது ஆட்டம் சமநிலை. மழை பெய்து பதினேழு நிமிடங்கள் தடைப்பட்டது. பத்தாவது முறையிற் கப்ஸ் 8–7 என முன்னின்றது.

தபாற்காரர் தனியே அமர்ந்திருந்தார். மழை நின்றபோது தொலைக்காட்சியின் ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டார். அருகே வெறுமையாக இருந்த நாற்காலியின் பக்கம் சற்றே குனிந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாந் தளத்தை நோக்கிப் பந்து உருண்டு வருகிறது, எடுத்தவர் ஈரப்புல்லிற் சறுக்கியவாறே எறிகிறார், முதலாந் தளத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்கிறார், ஆட்டம் முடிந்தது. கிளீவ்லாந்தில் அப்போது நள்ளிரவு கடந்து நவம்பர் 3 பிறந்திருந்தது. அது பெலரின் பிறந்தநாள். அதனையும் அவர் சொல்லி முடித்த பின்னரே விளக்கை அணைத்தார்.